ஆடிச்சுற்றும் இரண்டு சீட்டும்

எங்கள் ஊர்க் கோயிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறிய அன்று காலையில்தான் என் மகளுக்குத் திருநெல்வேலியில் இடம் கிடைத்த செய்தி வந்தது. எம்.எஸ்ஸி. தாவரவியல். நான் கொடியேற்றம் பார்த்துவிட்டு நெற்றியில் கோயில் புற்றுமண்ணோடு வீட்டுக்குள் நுழைகிறேன், அவள் அடுக்களை வாசலில் நின்றுகொண்டு, "எம்மா, திருநெல்வேலி கிடைச்சிருச்சு" என்றாள். சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. கேஸ் தீர்ந்துவிட்டது என்று சொல்லுகிற மாதிரி சொன்னாள்.

எனக்கோ கால் தரையில் நிற்கவில்லை. கோமதியம்மாள் சன்னதியில் நான் கேட்டிருந்தது அதைத்தான். பனவடலிசத்திரம் வழியாகப் போகிற பஸ்ஸில் காலையில் ஏறினால், பிள்ளை விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு வந்துவிடும். அம்பாள் கேட்டதைக் கொடுத்துவிட்டாள் என்று அப்படியே பூஜை அலமாரிக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். எழுந்து பார்த்தால் மகள் அங்கே இல்லை. மொட்டை மாடிக்குப் போய்விட்டாள்.

நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். என் வீட்டுக்காரர் அதுவும் முடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சாக்கு, கயிறு, தார்ப்பாய் விற்கிற கடை வைத்திருக்கிறார். எங்கள் இரண்டு பேருக்கும் இந்த மேல்படிப்பு விவகாரம் ஒன்றும் பிடிபடவில்லை. மகள் சொல்லித்தான் கொஞ்சம் தெரிந்துகொண்டோம். அவள் இரண்டு இடத்துக்கு எழுதிப் போட்டிருந்தாள். ஒன்று திருநெல்வேலி, இன்னொன்று ஹைதராபாத். ஹைதராபாத்தில் அவள் பெயர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தது. முன்னால் இருக்கிறவர்களில் யாராவது வேண்டாம் என்று ஒதுங்கினால் இவளுக்கு வரும்.

"அடுத்தவங்க வேண்டாம்னு போட்டுட்டுப் போறத நாம ஏன் காத்துக்கிடந்து வாங்கணும்?" என்று கேட்டேன். திருநெல்வேலியில் சேர்ந்தால் டிசி, மார்க் ஷீட் எல்லாவற்றையும் அங்கே ஒப்படைத்துவிட வேண்டும், அப்புறம் திரும்ப வாங்குவது பெரும்பாடு, அதனால் கடைசி நாள் வரைக்கும் பார்ப்போம் என்றாள். கடைசி நாள், தபசுக்கு முந்தின நாள், கொடியேறிய பத்தாம் நாள்.

அவள் அப்படிச் சொன்ன அன்றைக்குத்தான் என் மனதில் முதல் சந்தேகம் விழுந்தது. செடியும் கொடியும் படிக்க அவ்வளவு தூரம் எதற்கு? அங்கே முளைக்கிறது வேறு செடியா? கேட்டால், "அங்க லேப் நல்லா இருக்கும்மா" என்பாள். வேறு எப்படிக் கேட்டாலும் அதே பதில்தான். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லுகிறவர்களை நான் நம்புவதில்லை.

அப்புறம் பார்த்தால் அவள் ஆடிச்சுற்று சுற்ற ஆரம்பித்தாள்.

கொடியேறினால் ஊரில் பாதிப்பேர் கோயிலைச் சுற்றுவோம். அம்பாள் ஒற்றைக்காலில் தவசு இருக்கிறாள், நாம் நடக்கவாவது செய்வோம் என்று நூற்றியொன்று, ஐந்நூற்றியொன்று என்று அவரவர் நேர்ந்துகொண்டபடி சுற்றுவது. நான் வருஷாவருஷம் சுற்றுகிறவள். ஆனால் என் மகள் அப்படி இல்லை. கோயிலுக்குக் கூப்பிட்டால், "கூட்டமா இருக்கும்மா, வெள்ளிக்கிழம போவோம்" என்பாள். வெள்ளிக்கிழமை கூப்பிட்டால் தலைவலி என்பாள். அப்படிப்பட்டவள் காலையில் குளித்துத் தலையைக்கூட உலர்த்தாமல் கிளம்பிவிடுகிறாள், சாயங்காலம் இன்னொரு தடவை போகிறாள். என்ன வேண்டுதல் என்று கேட்கக்கூடாது. நிறைவேறுகிற வரைக்கும் வேண்டுதலை வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதனால் கேட்கவும் முடியாமல், கேட்காமல் இருக்கவும் முடியாமல், அவளுக்குப் பின்னால் பத்தடி விட்டு நானும் சுற்றினேன்.

நடுவில் என் வீட்டுக்காரரின் அக்கா புளியங்குடியிலிருந்து வந்தாள். அம்பாளுக்கு மாலை கட்ட ஒரு பை எலுமிச்சம்பழம் கொண்டுவந்திருந்தாள். மதினி வருகிறாள் என்றாலே நான் உஷாராகிவிடுவேன். அவள் மகன் உரக்கடை வைத்திருக்கிறான், நல்ல பையன்தான். என் மகளை அவனுக்குக் கேட்க வேண்டும் என்பது மதினியின் நெடுநாள் நினைப்பு. வாய்விட்டுக் கேட்கமாட்டாள். எலுமிச்சம்பழம் கொண்டுவருவாள்.

பிரகாரத்தில் ஓரமாக உட்கார்ந்து கொஞ்சநேரம் என் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சுற்றி வந்ததும் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"ஏட்டி, உம்மவ சுத்துத சுத்தப் பாத்தா சீட்டுக்குச் சுத்துத மாதிரித் தெரியலையே."

"வேற எதுக்கு மதினி?"

"நான் என்னத்தக் கண்டேன். அம்பாளும் மாப்பிள்ளைக்குத்தானட்டி தவசு இருந்தா."

சொல்லிவிட்டு, தப்பாக நினைத்துக்கொள்ளாதே என்று என் முதுகைத் தடவினாள். அவர்கள் தெருவில் ஒரு பெண் சென்னைக்குப் படிக்கப் போய், கழுத்தில் தாலியோடு வந்து இறங்கிய கதையை ஊருக்குப் போகும்வரைக்கும் மூன்று தடவை சொன்னாள். அவள் ஏன் சொல்லுகிறாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பெண் பக்கத்திலேயே இருந்தால் அவளுக்கு வசதி. ஆனாலும் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மதினியையும் சந்தேகப்பட்டேன், மகளையும் சந்தேகப்பட்டேன். இரண்டு சந்தேகமும் ஒன்றையொன்று அடிக்கவில்லை, அருகருகே இருந்தன.

மகள் தன் போனைக் கவிழ்த்து வைக்கிறாள் என்பது அப்புறம்தான் கண்ணில் பட்டது. அது மட்டும் இல்லை, கடைக்குப் போய் அவள் அப்பா போனையும் வாங்கிப் பார்க்கிறாள். கேட்டதற்கு, "அப்ளிகேஷன் பாரத்துல அப்பா நம்பர்தானம்மா குடுத்திருக்கு, மெசேஜ் வரும்லா" என்றாள். அது உண்மைதான். ரேஷன் கடையானாலும் காலேஜ் ஆனாலும் எங்கள் வீட்டில் பெண்பிள்ளை நம்பரை எழுதுவது கிடையாது. அப்பா நம்பர்தான். நாலு நாள் பொறுத்துப் பார்த்த என் வீட்டுக்காரர், "மெசேஜ் வந்தா நான் சொல்லமாட்டனா, ஏன் பிள்ள வந்து வந்து பாக்கே" என்று சலித்துக்கொண்டார். அதிலிருந்து அவள் கடைக்குப் போவதை விட்டுவிட்டாள்.

அதனால்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானச் சாப்பாட்டை நான் கொண்டுபோனேன். அவர் சாக்குக்கட்டு மேல் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போன் அடித்தது. தெரியாத நம்பர் என்றால் அவருக்கு ஒரு முறை உண்டு. எடுத்துக் காதில் வைத்துவிட்டுப் பேசாமல் இருப்பார், எதிராளி முதலில் பேசட்டும் என்று. பக்கத்துக் கடைக்காரரை இந்தி பேசுகிற ஒருவன் பேங்கிலிருந்து பேசுகிறேன் என்று ஏமாற்றியதிலிருந்து வந்த பழக்கம். கையில் சோறு என்பதால் சத்தத்தைக் கூட்டிக் கீழே வைத்திருந்தார். எனக்கும் கேட்டது. ஓர் ஆண் குரல். முதலில் இந்தி, பிறகு இங்கிலீஷ். நடுவில் தெளிவாக என் மகளுடைய பெயர்.

அவர் சோற்றுக் கையோடு எழுந்துவிட்டார்.

"ஏலே, யாருலே நீ? எம் பிள்ளகிட்ட உனக்கு என்னலே பேச்சு? இனிமே இந்த நம்பருக்குக் கூப்புட்ட, ரயிலேறி வந்து ஒதைப்பேன் பாத்துக்கோ."

எதிரில் அந்த ஆள் என்னவோ சொல்லிக்கொண்டேதான் இருந்தான். இவர் அணைத்துவிட்டு அந்த நம்பரை பிளாக் பண்ணினார். பிறகு என்னைப் பார்த்து, காலையிலேயும் இதே குரல்தான் வந்தது, இது இரண்டாவது தடவை என்றார்.

"ஒருவேள காலேஜ் ஆபீஸா இருக்குமோ?" என்று கேட்டேன். கேட்டது உண்மை.

"ஆபீஸ்காரன்னா இனிஷியலோடல்லா கூப்புடுவான்? இவன் வெறும் பேரச் சொல்லுதான், கூடப் பொறந்தவன் மாதிரி. அவ்வளவு பெரிய யுனிவர்சிட்டிக்காரன் செல்லுலயா கூப்புடப் போறான்?"

எனக்கும் அது சரி என்றே பட்டது. பள்ளிக்கூடமோ ஆஸ்பத்திரியோ பேங்கோ, எங்கே போனாலும் அவர் பெயரின் முதல் எழுத்து அவள் பெயருக்கு முன்னால் நிற்கும். அந்த எழுத்து இல்லாமல் அவளைக் கூப்பிடுகிறவர்கள் வீட்டு மனுஷர்களும் கூடப் படித்த பிள்ளைகளும்தான். வடக்கே இருக்கிற ஒரு பையன் இவளை வெறும் பெயர் சொல்லிக் கேட்கிறான் என்றால் என்ன அர்த்தம்? அவர் மீதிச் சோற்றைச் சாப்பிடவில்லை. கையைக் கழுவிவிட்டு, "அக்கா சொன்னது சரிதான் போல" என்றார். இவளிடம் ஒன்றும் கேட்க வேண்டாம், வியாழக்கிழமை கடைசி நாள், கையோடு கூட்டிக்கொண்டுபோய்த் திருநெல்வேலியில் சேர்த்துவிடுவோம், சர்டிபிகேட்டை அங்கே கொடுத்துவிட்டால் கதை முடிந்தது என்று முடிவு பண்ணினோம். அம்பாள் சரியான நேரத்தில் காட்டிக்கொடுத்தாள் என்று நினைத்தேன்.

ஆனால் ஒன்றும் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை. மறுநாள் காலையில் அவளை எட்டிப் பிடித்துப் பக்கத்திலேயே சுற்றினேன். சுற்றைத் தவறவிடாமல் இருக்க என் கையில் புளியமுத்து இருக்கும். ஒரு சுற்றுக்கு ஒன்றாக, வலது கைப் பையிலிருந்து இடது கைப் பைக்கு மாற்றுவேன். சிலபேர் ஒரு அட்டையில் கோடு போட்டுக்கொள்வார்கள். இவள் கையைப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"நீ எதுல எண்ணுத?"

"எண்ணல்லம்மா."

"எண்ணாம எப்படித் தெரியும், முடிஞ்சுதா இல்லையான்னு?"

"தெரியாண்டாம்மா."

"பெறகு எதுக்குட்டி சுத்துத?"

அவள் நடந்துகொண்டே சொன்னாள். "வீட்டுல இருந்தா வாரவங்க போறவங்கல்லாம் எங்க கெடைச்சுது, என்ன முடிவு பண்ணிருக்கேன்னு கேக்காங்க. இங்கன சுத்திக்கிட்டு இருந்தா யாரும் கேக்கமாட்டாங்கல்லா."

அம்பாள் தவசு இருக்கிற இடத்தில் இப்படி ஒரு காரணத்துக்காக யாராவது நடப்பார்களா? நான் நம்பவில்லை. எண்ணாத சுற்று வேண்டுதலே இல்லை. வேண்டுதல் இல்லாமல் இத்தனை நடை என்றால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. வாய் தன்னால் கேட்டுவிட்டது.

"யாருட்டி அவன்?"

"எவன்?"

"நேத்து அப்பாவுக்கு போன் பண்ணானே, இந்திக்காரன். உன் பேரச் சொல்லிக் கேக்கான். அப்பா அவன ஏசி, போன வச்சிட்டு பிளாக் பண்ணிட்டாரு."

அவள் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்கள் எங்கள் மேல் முட்டி, விலகிப் போனார்கள். முகத்தில் திருட்டுமுழி தெரிகிறதா என்றுதான் நான் உற்றுப் பார்த்தேன். அங்கே இருந்தது வேறு. காய்ச்சல்காரி முகம் மாதிரி ரத்தம் இறங்கிப்போய் இருந்தது.

"என்ன கேட்டாரும்மா? எத்தன மணிக்கு?"

கேட்டாரு என்றாள். கேட்டான் என்று சொல்லவில்லை. அதையும் கவனித்தேன்.

"எம்மா, அது ஹைதராபாத் ஆபீஸும்மா" என்று சொன்னவள், பாதிச் சுற்றில் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் ஓடினாள். செருப்பைக்கூட எடுக்கவில்லை. நான் இரண்டு பேர் செருப்பையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் போனைக் கொடுக்காமல் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஆபீஸ்னா இனிஷியல் இல்லாம ஏன் கூப்புட்டான், அதச் சொல்லு."

"அங்க இனிஷியலே சொல்லமாட்டாங்கப்பா. எல்லாரையும் அப்படித்தான் கூப்புடுவாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். போனைக் கொடுத்தார்.

அவள் என்னத்தையோ தட்டி அந்த நம்பரை மீட்டு, கூப்பிட்டாள். இங்கிலீஷில் பேசினாள். அதில் எனக்குப் புரிந்தது 'சாரி சார்' ஒன்றுதான். அதை எத்தனையோ தடவை சொன்னாள். பேசி முடித்ததும் போனை அவர் கையில் பதமாக வைத்தாள். கடைசி இடங்களுக்கு வரிசைப்படி போன் பண்ணிக் கேட்கிறார்களாம். இரண்டு தடவை கேட்டும் சரி என்று சொல்லாததால் இவளைத் தாண்டி அடுத்த ஆளுக்குப் போய்விட்டார்களாம். அந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொன்னால்தான் திரும்ப இவளுக்கு. நாளைக்குத் தெரியும்.

"பரவால்லப்பா" என்றாள். அழவில்லை, ஏசவில்லை. வீட்டுக்கு நடந்துபோய்க் காய்ந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள். சாப்பிடக் கூப்பிட்டபோது பசிக்கவில்லை என்றாள்.

நான் மட்டும் திரும்பவும் கோயிலுக்குப் போனேன். சுற்றப் போகவில்லை. அம்பாள் முன்னால் போய் நின்றேன். எனக்கு இப்போது அவள் மேலேயே சந்தேகம். திருநெல்வேலிதான் கிடைக்க வேண்டும் என்று கேட்டது நான். ஹைதராபாத் கதவு சாத்தப்பட்டிருக்கிறது. சாத்தின கை என் வீட்டுக்காரருடையதா, இல்லை நான் கேட்டதற்காக நீ அவர் வாயில் புகுந்து அப்படிப் பேசவைத்தாயா? இப்படிக் கொடு என்றா நான் கேட்டேன்? கேட்டதைத் திரும்ப எடுத்துக்கொள் என்று சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. ஹைதராபாத்தைக் கொடு என்று கேட்கவும் நாக்கு எழவில்லை. ஒன்றுமே கேட்காமல் கையைக் கூப்பிக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்து அப்படி நின்றது அதுதான் முதல் தடவை. கூட்டம் தள்ளியதும் நகர்ந்து வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் சர்டிபிகேட் பையோடு மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டில் நின்றோம். ஹைதராபாத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. அவர் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அதன் மேல் ஒரு கையை வைத்தபடியே நின்றார். திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி மகள் ஜன்னலோரம் உட்கார்ந்தும் விட்டாள். நான் படியில் ஒரு காலை வைத்திருக்கிறேன், போன் அடித்தது.

அவர் இந்தத் தடவை எதிராளி பேசட்டும் என்று காத்திருக்கவில்லை. "எஸ் சார், எஸ் சார்" என்று சொல்லிக்கொண்டே ஜன்னல் வழியாக அவளிடம் நீட்டினார். அவள் பேசினாள். பேசிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு இறங்கி எங்கள் பக்கத்தில் வந்து நின்றாள். அந்தப் பிள்ளை வேண்டாம் என்றுவிட்டதாம். மத்தியானத்துக்குள் கம்ப்யூட்டரில் சரி என்று போட வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் போய்விடும்.

கண்டக்டர் வாரீங்களா இல்லையா என்று கேட்டார். என் வீட்டுக்காரர் கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி என்று அவரிடம் சொல்லிவிட்டு மகள் பக்கம் திரும்பினார்.

"ரெண்டும் உன் கையில இருக்கு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நீ சொல்லு."

அவள் என்னைப் பார்த்தாள். "எம்மா, நீ சொல்லு" என்றாள்.

பின்னால் ஏதாவது ஆனால் பழியை என் தலையில் போடப் பார்க்கிறாளோ என்றுதான் அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. என் புத்தி அப்படி. அவள் முகத்தையே பார்த்துக் கேட்டேன்.

"அங்கன போறதுக்குப் பயமா இருக்கா?"

"ஆமா" என்றாள். "ரொம்ப."

இத்தனை நாளில் அவள் சொன்னதில் நான் முழுசாக நம்பிய வார்த்தை அது ஒன்றுதான். பயமே இல்லை என்று சொல்லியிருந்தால் அந்த பஸ்ஸிலேயே ஏற்றியிருப்பேன். அங்கே இவளுக்காக யாரோ காத்திருக்கிறான் என்றால் பயம் எதற்கு? படிக்கத்தான் போகிறாள்.

"அப்ப அங்கனயே போ" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.

கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. நாங்கள் கடையைத் திறந்து உள்ளே போனோம். மகள் தன் போனில் என்னென்னவோ நிரப்பிவிட்டு, "எப்பா, உங்களுக்கு ஓடிபி வரும், சொல்லுங்க" என்றாள். யார் கேட்டாலும் சொல்லாதே என்று ஊரெல்லாம் எச்சரித்த அந்த நம்பர். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசித்தார். நாலு எண் சொன்னவர் நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் மனதில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். ஓர் எண்ணை மாற்றிச் சொன்னால் போதும், நேரம் போய்விடும், பிள்ளை இங்கேயே இருப்பாள். எனக்கு அது தெரிந்ததற்குக் காரணம், நானும் அதையே நினைத்ததுதான். நான் எழுந்துபோய் அவர் தோளுக்குப் பின்னால் நின்று போனைப் பார்த்தேன். மீதி இரண்டையும் அவர் சரியாகத்தான் சொன்னார்.

"முடிஞ்சிட்டு" என்றாள் மகள்.

ராயகிரியிலிருந்து ஒருவர் மாட்டுக்குக் கயிறு கேட்டு வந்தார். என் வீட்டுக்காரர் அளந்து வெட்டிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"எம்மா, பசிக்கி" என்றாள் அவள்.

திருநெல்வேலிக்கென்று கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றைப் பிரித்தேன். மூன்று பேரும் சாக்குக்கட்டு மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் அவ்வளவு வேகமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நான் என் பங்கையும் அவள் இலையில் தள்ளிவிட்டு, இன்னும் எதையாவது மறைக்கிறாளா என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.